ஹெராக்ளிஸ் முத்துக் குளித்த கதை

நம் கடலில் முத்தெடுத்தது கிரேக்க ஹெராக்ளிஸ் என்று சொல்லிவிட்டால் போதும், புல்லரித்துப்போகிற ஒரு வர்க்கம் நம்மிடையே உண்டு. பாண்டியர் பெருமைக்கு மெகஸ்தனிஸ் சாட்சி. வெள்ளைக்காரனுக்கும் முந்திய வெள்ளைக்காரன் சொன்னது, ஆகவே ருசு. சாட்சி முழுதாக என்ன சொன்னார் என்பதில் மட்டும் யாருக்கும் அக்கறை இல்லை.

கி.மு. 300ஐ ஒட்டி பாடலிபுத்திரத்தில் தூதராக இருந்தவர் அவர். அவருடைய 'இண்டிகா' அழிந்துவிட்டது. பிறர் எடுத்தாண்ட துண்டுகள்தான் மிச்சம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அரியன் திருப்பிச் சொல்வது இது: நிலத்திலும் கடலிலும் துஷ்ட ஜந்துக்களை ஒழித்துக்கொண்டே வந்த ஹெராக்ளிஸ், கடலில் முத்தைக் கண்டான். கிடைத்ததையெல்லாம் திரட்டி ஒரே மகள் பண்டேயாவுக்குப் பூட்டினான். 500 யானை, 4,000 குதிரை, 1,30,000 காலாள் கொடுத்து நாடாள வைத்தான். நாட்டுக்கும் அவள் பெயரே.

நம்மவர்கள் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். சிலர் மீனாட்சியையும் அழைத்துவந்து பண்டேயாவுக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். ஆனால் கதை முடியவில்லை. சாவு நெருங்கியதும், தகுதியான மாப்பிள்ளை அகப்படாததால், 7 வயது மகளைத் தகப்பனே மணந்துகொண்டானாம். அதனால்தான் அந்நாட்டில் பெண்களுக்கு 7 வயதில் கல்யாணம், ஆண்களுக்கு 40 வயதுக்கு மேல் ஆயுசில்லை. அரியனாலேயே இதை விழுங்க முடியவில்லை: மகளை அவ்வளவு சீக்கிரம் வளர்க்கத் தெரிந்தவன், தன் ஆயுசைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கலாமே என்கிறார். கிரேக்கனுக்கு வந்த சந்தேகம் நமக்கு வரவில்லை. யானைகளை எண்ணிக்கொண்டிருந்தோம்.

சிப்பிகளுக்கும் ராஜா உண்டாம். தேனீக் கூட்டம் மாதிரி. ராஜாவைப் பிடித்தால் மற்றதெல்லாம் வலைக்குள். தூத்துக்குடிப் பார்களில் கல்லில் காலூன்றி, மூச்சடக்கி இறங்கியவர்களிடம் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

இன்னொரு கிரேக்கச் சாட்சியும் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் 'பெரிப்ளூஸ்'. எழுதியவன் பெயர் தெரியாத வியாபாரி. புராணத்துக்கு அவனுக்கு நேரமில்லை. கொற்கையில் முத்துக் குளிப்பவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறான். ஒருவர் ராஜா எடுத்தான் என்கிறார், மற்றவன் கைதி எடுத்தான் என்கிறான். நாம் எதை மேற்கோள் காட்டுகிறோம் என்பதில்தான் நம் யோக்கியதை இருக்கிறது.

இது சரித்திரக்காரர்களின் தலைவலி, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் விமர்சனத்தின் வியாதியும் இதுதான் என்பது என் கட்சி. 'ஆழ்மனதில் மூழ்கி முத்தெடுத்த கவி' என்று மதிப்புரை எழுதாத கை நம்மில் எது? குளிப்பவர் முத்தை எடுப்பதில்லை, சிப்பியை எடுக்கிறார். அது கரையில் ஏலம் போய், ஏலம் எடுத்தவன் அழுகவிட்டு, நாற்றத்தில் அலசினால்தான் முத்து. அதுவும் பெரும்பாலான சிப்பிகளில் இராது. கவிதையும் அப்படித்தான் என்றால் ஒப்புக்கொள்வேன். ஆனால் நம் உவமையில் அழுகல் இல்லை, ஏலம் இல்லை, மூச்சு முட்டிய பரதவரோ கீழக்கரை முஸ்லிமோ இல்லை. பளபளப்பும் ஒரு ஹெராக்ளிஸும்தான் உண்டு. அந்த ஹெராக்ளிஸ் பெரும்பாலும் விமர்சகரின் சிநேகிதர்.

கடற்கரையின் குரல் அங்கிருந்தேதான் வரவேண்டியிருந்தது. ஜோ டி குரூஸின் 'கொற்கை' 2009இல் வந்தது. அதற்கு முன் எத்தனை தலைமுறைக் கவிகள் கரையில் நின்று முத்து முத்து என்று எழுதித் தீர்த்தார்கள்!

தூத்துக்குடியில் கடைசி முத்துக் குளிப்பு 1961இல் நடந்தது. மதிப்புரைகளில் மட்டும் அது இன்னும் ஓய்ந்தபாடில்லை.