லீக் ஆன போன் படம்: சந்தேகம் சரி, ஆனா எதன் மேல?

புது போன் கடைக்கு வருவதற்கு முன்பே அதன் படம் 'லீக்' ஆகிவிடுகிறது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வாட்ஸ்அப் பார்ப்பவர்கூட "அட, எடிட்டுப்பா" என்று தள்ளிவிடுகிறார். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தச் சந்தேகம் 'படம் நிஜமா?' என்பதோடு நின்றுவிடுகிறது.

2010 ஏப்ரலில், கலிஃபோர்னியா பார் ஒன்றில் தொலைந்த ஐபோன் 4 மாதிரியின் படங்கள் வெளியாகின. அது நிஜம். 2011-ல் கண்ணீர்த்துளி வடிவ 'ஐபோன் 5' படங்கள் சுற்றின. அக்டோபரில் வந்ததோ பழைய உருவத்திலேயே 4எஸ்!

இப்போதைய லீக்குகள் பலவும் போட்டோவே இல்லை. கேஸ் தயாரிப்பாளர்களுக்கு முன்கூட்டியே கிடைக்கும் அளவுகளை வைத்து கம்ப்யூட்டரில் வரைந்தவை. அளவு சரியாக இருக்கும். நிறம் கற்பனையாக இருக்கலாம்.

சரி, கம்பெனியே காட்டினால் நம்பலாமா? 2016 பிப்ரவரியில் 251 ரூபாய்க்கு 'ஃப்ரீடம் 251' ஊரறிய அறிமுகமானது. செய்தியாளர்களிடம் கொடுத்த போனில் 'ஆட்காம்' என்ற வேறு பிராண்டின் பெயரை ஒயிட்னர் பூசி மறைத்திருந்தார்கள்!

கல்வராயன் மலையில் சிக்னல் சரியாக எட்டாத ஊர்கள் இன்னும் உண்டு. அங்கிருந்து இறங்கி வந்து இஎம்ஐ-யில் போன் வாங்குபவருக்கு டவர் பிடிக்குமா, சார்ஜ் நிற்குமா என்பதுதான் கேள்வி. இதை எந்த லீக் படமும் சொல்லாது. கையில் இருப்பது உடைந்துபோயிருந்தால், படத்தை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட, கடையில் இருக்கும் மாடலை மலையில் ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கலாம்.