ஒன்றாம் வகுப்புக்கு முன்பே நம் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரப் பொதுமக்களுக்கு:

வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மூன்று வயதிலேயே வேன் ஏறி எல்.கே.ஜி. போகிறது. கரும்பு வெட்டுக்கும், செங்கல் சூளைக்கும், மரக்காணம் உப்பளத்துக்கும் விடியுமுன் கிளம்பும் தாய்மார்களுக்கு இருக்கும் ஒரே இடம் பால்வாடி எனப்படும் அங்கன்வாடி. அதுவும் எட்டாத காலனிகளிலும் இருளர் குடியிருப்புகளிலும் பிள்ளைகள் எழுத்தையே ஒன்றாம் வகுப்பில்தான் முதலில் பார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 54,000க்கும் அதிகமான அங்கன்வாடி மையங்கள் உண்டு. 1982இல் வந்த சத்துணவு, பால்வாடிப் பிள்ளைகளின் பசியைத் தீர்த்தது. படிப்புக்கு அந்த அளவு பணம் ஒதுக்கப்படவில்லை. எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகளைக் கணக்கெடுப்பது, செல்போனில் பதிவது என எல்லாமே ஒரே டீச்சர் தலையில் விழுகின்றன. அவருக்கான ஒன்றிய அரசின் மதிப்பூதியம் 2018 அக்டோபரில்தான் 4,500 ரூபாய் ஆனது.

2019இல் 2,381 அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கின. 2022 ஜூனில் அவற்றை நிறுத்தப்போவதாகச் செய்தி வந்தது. பெற்றோர் எதிர்த்தார்கள், வகுப்புகள் தொடரும் என்று சில நாட்களிலேயே அரசு அறிவித்தது. மக்கள் கேட்டால் நடக்கும்.

கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு வயதிலிருந்துதான் உரிமை தருகிறது. ஆனால், ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு, கோரிக்கை வைத்த மூன்று மாதத்துக்குள் மையம் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது.

அரசிடம் நாம் கேட்பவை: ஒவ்வொரு மையத்திலும் கற்பிப்பதற்கென்றே பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர், அவருக்கு நியாயமான சம்பளம், வாடகை இடத்துக்குப் பதில் கழிப்பறையோடு சொந்தக் கட்டடம், வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு ஏற்ற நேரம். இதற்கான நிதியை ஒன்றிய, மாநில அரசுகள் இரண்டும் உயர்த்த வேண்டும்.

உங்களிடம் கேட்பது: உங்கள் தெருவிலும் காலனியிலும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெயரோடு கணக்கெடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் தீர்மானம் கொண்டுவாருங்கள். நகரவாசிகள் வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுங்கள். தீர்மான நகலை மாவட்ட ஆட்சியருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். தொகுதி மேம்பாட்டு நிதியில் பால்வாடிக் கட்டடம் கேளுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடமும் இதையே முதலில் கேளுங்கள்.

தனியார் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்களும் வாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் படிப்பும் நம் பொறுப்புதான்.

இப்படிக்கு,
விழுப்புரம், திண்டிவனம் வட்டாரப் பெற்றோர், ஆசிரியர்கள்