மான் கொம்பு கெடைச்சா எடுக்கலாமா?

தலைப்பைப் பாத்துட்டு "கீழ கெடந்தா எடுக்க வேண்டியதுதானே, இதுக்கு ஒரு பதிவா?"ன்னு கேக்கப் போறவங்கதான் அதிகம்னு தெரியும். அதனாலதான் இந்தப் பதிவே.

அமெரிக்காவுல இதை ஒரு பொழுதுபோக்காவே வச்சிருக்காங்க. அங்க உள்ள மான்கள் வருஷா வருஷம் குளிர்காலத்துல கொம்பை உதிர்க்கும். பனி உருகும்போது ஆளுங்க காடு மேடெல்லாம் அலைஞ்சு அதைப் பொறுக்குவாங்க. விலையும் உண்டு. ஆனா கொம்பு தேடிப் போறவங்க கண்ணுல அடிக்கடி படுறது செத்துக் கெடக்கற மான். பனியில மேய்ச்சல் இல்லாம பட்டினியில விழுந்தது. 2022-23 குளிர்காலத்துல வயோமிங் பக்கம் அப்படிக் கூட்டம் கூட்டமாச் செத்துச்சு. கொலராடோவுல மேற்குப் பகுதி பொது நிலத்துல ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை கொம்பு பொறுக்கவே தடை. ஏற்கெனவே எலும்பும் தோலுமா நிக்கற மானை மனுஷன் போய் வெரட்டினா, இருக்கற கொஞ்சத் தெம்பும் போயிரும். காரணம் அவ்வளவுதான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ஆத்தூர்னா வெத்தலை, வாழை, தாமிரபரணி. இங்க ஏது மானுன்னு கேக்காதீங்க. ஆத்தங்கரையோட மேற்க ஏரல், ஸ்ரீவைகுண்டம்னு போனா வல்லநாட்டுக் குன்று. 1987ல அறிவிச்ச வெளிமான் சரணாலயம் அது. மொத்தமே 16.41 சதுர கிலோமீட்டர். இயற்கையா வெளிமான் வாழற இடங்கள்ல இந்தியாவோட தென்கோடி அதுதான். முத்துக்கும் உப்புக்கும் பேர்போன மாவட்டத்துல இப்படி ஒண்ணு இருக்கறது நம்மாளுங்க பாதிப் பேருக்குத் தெரியாது.

இங்கதான் விஷயமே இருக்கு. புள்ளிமானும் மிளாவும் கொம்பை உதிர்த்துட்டு மறுபடி வளர்க்கும். அது சுத்த எலும்பு, கிளை விட்டிருக்கும். வெளிமான் அந்தச் சாதியே இல்ல. ஆடு மாடு குடும்பம். முறுக்கின அந்தக் கொம்புக்குள்ள எலும்பு, மேல நம்ம நகத்துல இருக்கற அதே கெரட்டின் உறை. அது உதிராது. கிடாயோட வளர்ந்து அதோடயேதான் போகும். அதாவது வல்லநாட்டுப் பக்கம் முறுக்குக் கொம்பு ஒண்ணு கீழ கெடந்தா, பக்கத்துல எங்கயோ ஒரு மான் செத்திருக்குன்னு அர்த்தம். "தானா விழுந்த கொம்பு" என்ற சமாதானமே அங்க செல்லாது.

வல்லநாட்டுல புள்ளிமானும் உண்டு. அது உதிர்த்ததை எடுக்கலாமான்னு கேப்பீங்க. கூடாது. சரணாலயத்துக்குள்ள இருந்து எதையும் எடுத்துட்டு வர சட்டம் விடாது. அது போக, காட்டுல விழற கொம்பு வீணாவும் போகல. முள்ளம்பன்னி கடிச்சுத் தின்னும், எலி கொறிக்கும், மானே கூட மெல்லும். சுண்ணாம்புச் சத்து அப்படித்தான் மண்ணுக்கும் மிருகத்துக்கும் திரும்பப் போகுது. நமக்குத்தான் அது வரவேற்பறை அலங்காரம்.

நம்ம ஆளுங்களுக்கு மான் கொம்பு மேல உள்ள ஆசை பழசு. சித்த மருத்துவத்துல சிருங்கி பற்பம் மான் கொம்புல செய்யறதுதான். வீக்கத்துக்குக் கொம்பை இழைச்சுப் பத்துப் போட்ட ஆச்சிமார் எல்லா ஊர்லயும் இருந்தாங்க. சிலம்பத்துல ஜோடிக் கொம்பை வச்சு ஒரு ஆயுதமே உண்டு. அவங்க காலம் வேற, மான் கணக்கு வேற. அதை வச்சு இன்னைக்கு நியாயம் பேச முடியாது. நம்ம கடல்ல கடல் அட்டைக்கு 2001ல தடை வந்தப்பவும் "காலங்காலமா எடுக்கறதுதானே"ன்னுதான் பேசினோம்.

1972 வனவிலங்குச் சட்டம் 39ஆம் பிரிவுப்படி செத்துக் கெடக்கற காட்டு விலங்கும் அரசாங்கச் சொத்துதான். கையில வந்து சேந்தா 48 மணி நேரத்துக்குள்ள பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன்லயோ வனத்துறை அதிகாரிகிட்டயோ சொல்லணும். வெளிமான் முதல் அட்டவணை. வேட்டைன்னு ஆயிட்டா குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம். 1998ல ஜோத்பூர் பக்கம் நடந்த வெளிமான் வேட்டைக்கு சல்மான் கானுக்கு 2018ல 5 வருஷத் தண்டனை சொன்னாங்க. இருபது வருஷம் கழிச்சும் அந்த வழக்கு விடலை பாத்தீங்களா.

ஜெயிலுக்குப் பயந்து எடுக்காதீங்கன்னு சொல்ல வரல. செத்த மான் ஒரு சாட்சி. நாய் கடிச்சதா, வண்டி அடிச்சதா, வயித்துல பிளாஸ்டிக்கா, தண்ணி இல்லாமலா, சுருக்கு வச்சதா? டாக்டர் அறுத்துப் பாத்தாத்தான் தெரியும். சென்னை ஐஐடி வளாகத்துல செத்த மான் வயித்துல பிளாஸ்டிக் இருந்தது அப்படித்தான் தெரிஞ்சது. கொம்பை வெட்டிட்டா அந்தச் சாட்சியைக் கலைச்சாச்சு. கிழடு தட்டிச் செத்த மான் கூட வேட்டையாடின மான் மாதிரி ஆயிரும். நிஜமா வேட்டையாடினவன் அந்தக் குழப்பத்துல தப்பிச்சுருவான்.

இனிமேதான் நான் சண்டை போடப்போற இடம். செத்த மானை மொதல்ல பாக்கறது யாரு? ஆடு மேய்க்கறவங்க, விறகு பொறுக்கறவங்க, கெணத்து மோட்டாரைப் போடப் போறவங்க. அவங்க ஏன் வாயைத் தொறக்க மாட்டேங்காங்க? "நீ ஏன் அங்க போன? நீதான் அடிச்சியா?"ன்னு கேப்பாங்களேன்னு பயம். தகவல் சொல்லப் போனவரையே ரெண்டு நாள் அலைய விட்ட கதை எங்க பக்கத்துல டீக்கடைக்கு டீக்கடை கேக்கலாம். ஒரு தாத்தா எங்கிட்டச் சொன்னாரு: "மானைப் பாத்தேன்னு சொன்னா கேஸு, பாக்கலைன்னா சோறு. நான் எதைச் சொல்ல?" இதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

48 மணி நேரக் கெடு எழுதத் தெரிஞ்சவங்களுக்கு, சொல்ல வர்றவனுக்கு ஒரு நாற்காலி போட்டு, பேரைக் கேக்காம தகவலை வாங்கிக்கத் தெரியணும். ஊருக்கு ஒரு ஆள் போன் நம்பரைப் பஞ்சாயத்துச் சுவத்துல எழுதிப் போட்டாலே போதும். பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். 2021 செப்டம்பர் 22ல அஸ்ஸாம் அரசு 2,479 காண்டாமிருகக் கொம்புகளைப் போட்டு எரிச்சது. கொம்புக்கு மதிப்பு அந்த மிருகத்து மேல இருக்கற வரைதான்னு ஊருக்கே காட்டினாங்க. அந்தத் துணிச்சல்ல பத்துல ஒரு பங்கு, ஒரு ஆட்டுக்காரரை நம்பறதுல காட்டுனா என்ன?

2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப கோடியக்கரை வெளிமான்கள் செத்துக் கரை ஒதுங்கிச்சு. புயலை நாம நிறுத்த முடியாது. வல்லநாட்டுல இருக்கறது சின்னக் கூட்டம், சின்னக் குன்று. அங்க ஒவ்வொரு சாவுக்கும் காரணம் தெரிஞ்சாத்தான் அடுத்த சாவைத் தடுக்க முடியும்.

அதனால மக்களே, கொம்பைப் பாத்தா கை வைக்காதீங்க. எந்த எடம்னு குறிச்சுக்கிட்டு வந்து சொல்லுங்க. சொல்லப் பயப்படறவங்க யாராவது உங்க ஊர்ல இருந்தா, படிச்ச நீங்க கூடத் துணைக்குப் போங்க. மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல வாங்க, பேசலாம். "எங்க தாத்தா வீட்டுச் சுவத்துல ஒண்ணு மாட்டியிருக்கே"ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க :-)