பொள்ளாச்சிக்கு நேர் மேற்கே..!

ஆபீஸில் பத்து நாள் லீவு கேட்பதும் மாமனாரிடம் கடன் கேட்பதும் ஒன்றுதான். கொடுத்துவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அப்படிக் கிடைத்த லீவை ஊட்டியில் ஸ்வெட்டருக்குள் கழிக்க எனக்கு இஷ்டமில்லை. போர்ட் ஆஃப் ஸ்பெயின் போகப் போகிறேன்!

"ஸ்பெயினா? காளைச் சண்டை பார்க்கவா?" என்றார் பக்கத்து சீட்காரர். இல்லை ஸார்... பேரில்தான் ஸ்பெயின். ஊர் இருப்பது கரீபியனில், டிரினிடாட் தீவில். மேப்பை எடுங்கள். பொள்ளாச்சியில் ஸ்கேலை வைத்து நேர் மேற்கே கோடு இழுங்கள். அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் எல்லாம் தாண்டி அங்கேதான் போய் முட்டும்.

ஆசையைக் கிளப்பியது அப்பா. 1976 ஏப்ரலில் அங்கே குயின்ஸ் பார்க் ஓவலில் 403 ரன் எடுத்தால் ஜெயம் என்ற நிலைமை. இந்தியா நாலே விக்கெட் இழந்து 406 எடுத்தது. கவாஸ்கர் 102, விஸ்வநாத் 112. அப்பாவுக்குக் கல்யாண நாள் மறக்கும். இந்த ஸ்கோர் மறக்காது. 2007 உலகக் கோப்பையில் அதே கிரவுண்டில் பங்களாதேஷிடமும் இலங்கையிடமும் உதை வாங்கினோமே என்றால் மட்டும் சட்டென்று காது கேட்காமல் போய்விடும்.

பி.காம். படித்தவன் என்பதால் வரவு செலவு போட்டேன். வரவு, பத்து நாள். இங்கிருந்து நேர் விமானம் கிடையாது என்பதால் போக வர நாலு நாள் செலவு. நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். நாம் காலை ஒன்பதரைக்கு ஆபீஸில் கையெழுத்துப் போடும்போது அங்கே நள்ளிரவு! அந்தத் தூக்கக் கணக்கு நேராக இரண்டு நாள். கையிருப்பு, நாலு நாள்.

அடுத்தது, வழி. அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்குக்கூட விசா வேண்டும். லண்டன் வழி என்றாலும் நம் பாஸ்போர்ட்டுக்குப் பொதுவாக டிரான்சிட் விசா கேட்பார்கள். டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று பாயாதீர்கள்.

எந்த மாதம்? ஜனவரி முதல் மே வரை மழை குறைவு. சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் கார்னிவல். ஊரே தெருவில் ஆடும். ஓட்டல் வாடகையும் கூடவே ஆடும். நான் மார்ச் கடைசி என்று முடிவு செய்திருக்கிறேன்.

காலை டிபன் 'டபுள்ஸ்'. குட்டிப் பூரி மாதிரி ரெண்டு, நடுவில் சன்னா மசாலா. 1845-ல் முதல் கப்பல் வந்து இறங்கியதிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன நம்மவர்கள் கொண்டுபோன ருசி. பெரும்பாலும் கல்கத்தாவிலிருந்து போனவர்கள். சென்னையிலிருந்தும் சில கப்பல்கள் போயின. இன்று அங்கே மூன்றில் ஒருவருக்கு மேல் இந்திய வம்சாவளி. அப்புறம் மலை தாண்டி மராக்காஸ் கடற்கரை. சாயங்காலம் சவானா மைதானத்தைச் சுற்றி ஒரு நடை. ஓரத்தில் இளநீர் கிடைக்கும். அங்கிருந்து ஓவல் பக்கம்தான்.

எல்லாம் சரி... ஒரு ஊசி குறுக்கே நிற்கிறது. டிரினிடாட் போய்த் திரும்புகிறவர்களிடம் நம் ஏர்போர்ட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி சர்டிபிகேட் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனியறை வாசம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சர்டிபிகேட் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். எனக்குக் கவலையில்லை. ஆனால் அறுபது தாண்டியவர்களுக்கு அந்த ஊசியில் ஆபத்து கொஞ்சம் அதிகம். டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் போடலாம். அப்பா எழுபதைத் தொட்டாச்சு.

டாக்டர் ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, "வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்றார். அதுவரை டிக்கெட் எடுப்பதாக இல்லை. அப்பா பக்கத்தில் இல்லாமல் அந்த கேலரியில் உட்கார்ந்து நான் யாரிடம் ஸ்கோர் கேட்பேன்?

அப்பாவோ நேற்றே தி.நகர் போய் வெள்ளை பேன்ட், வெள்ளைச் சட்டை, தொப்பி வாங்கி வந்துவிட்டார்.

"வேடிக்கை பார்க்கப் போறதுக்கு எதுக்குப்பா வெள்ளை டிரெஸ்?"

"அங்க ஒரு ஆள் குறையுதுன்னு கூப்பிட்டா என்னடா பண்றது?"