சைக்கிளைத் தேடுகிறீர்கள், சகோதரியை?



தகப்பனார் ஓட்டி, பிற்பாடு கைமாறிப்போன பழைய சைக்கிளைத் தேடும் ஆவல் உங்களில் சிலரைப் பற்றியிருக்கிறது. அதை நான் பழிக்கவில்லை. அது எளிய தேடலும் அன்று. மோட்டார் வாகனத்துக்குப் பதிவுப் புத்தகம் உண்டு, சைக்கிளுக்கு இல்லை. ஃபிரேமில் எண் குத்தியிருந்தாலும், அந்த எண்ணைக் கொண்டு உரிமையாளரைக் காட்டும் அரசுப் பதிவேடு கிடையாது. 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரிலிருந்து அனுப்பிய ஹெர்குலிஸ் சைக்கிள்கள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. ஆகவே விற்ற கடைக்காரர், பஞ்சர் ஒட்டியவர், காயலான் கடைக்காரர் என்று மனிதரிடம் மனிதராகக் கேட்டுத்தான் அதைக் கண்டடைய முடியும்.

இத்தனை பொறுமை உங்களிடம் இருக்கிறது. அது இரும்புக்கு மட்டும் ஏன் செலவாகிறது என்பதே என் கேள்வி.

2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றார்கள். மருத்துவமனைக்குப் போன தோழியர் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் வதந்திகள் பரவின. அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து, “எங்கள் தோழியர் எங்கே?” என்று கேட்டார்கள். போக்குவரத்து நின்றது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. நான் சொல்லுகிறேன்: லூக்கா 15ஆம் அதிகாரத்தில் விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கிய பெண்ணின் வேலையையே அவர்கள் செய்தார்கள். ஆண்டவர் அந்த உவமையைச் சொன்னது காசுக்காக அல்ல. பாவிகளோடு அவர் உணவருந்துவதைக் கண்டு முறுமுறுத்தவர்களுக்காக.

“சைக்கிளைத் தேடுவது தகப்பனாருக்குச் செய்யும் மரியாதை அல்லவா?” என்பீர்கள். அந்தச் சைக்கிளின் கேரியரில் அவர் அரிசி மூட்டையை ஏற்றினார். காய்ச்சலில் கிடந்த அண்டை வீட்டுப் பிள்ளையையும் ஏற்றினார். சைக்கிளை மீட்டுக் கூடத்தில் நிறுத்திவிட்டு, அதில் அவர் செய்த ஊழியத்தை மறப்பது மரியாதை ஆகாது.

ஒரகடத்திலும் வல்லத்திலும் ஓர் அறையில் ஐந்தாறு பேராகத் தங்கியிருப்பவர்களை நீங்கள் அறிவீர்கள். உங்களில் சிலர் அவர்களிடம் வாடகையும் வாங்குகிறீர்கள். ஒப்பந்தம் முடிந்தால் அவர்கள் போய்விடுகிறார்கள்; தொலைபேசி எண்ணும் மாறிவிடுகிறது. மூன்று வாரம் நம் பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மகள் நான்காம் வாரம் வராவிட்டால், அவளுக்கு ஞாயிறு காலை ஷிஃப்டா, காய்ச்சலா, வேலையே போயிற்றா என்று எவர் விசாரிக்கிறார்?

சைக்கிளைத் தேடுங்கள்; தடையில்லை. ஆனால் இந்த வாரம் அதற்கு முன்பாக ஒருவரைத் தேடுங்கள். பஞ்சர் கடையில் கேட்கும் அதே பொறுமையோடு விடுதிக் காவலாளியிடமும் அறைத் தோழியிடமும் பெயர் சொல்லிக் கேளுங்கள். தேடி வந்த மேய்ப்பனின் கிருபை உங்களோடிருப்பதாக. ஆமென்.