நடக்கச் சொல்லுமுன்

“கல்லூரிக்கு நடந்து வாருங்கள்” என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம். நடைபாதை எங்கே? போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஒதுக்கவேண்டும் என்ற கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றுக்கொண்டது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. அங்கே பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் நிதானமாக நடக்கிறார்கள். கடைத்தெருவுக்குக் கிடைத்தது கல்லூரி வாசலுக்கு ஏன் கிடைக்கக் கூடாது? பேருந்தைவிட்டு இறங்கும் மாணவி டிரான்ஸ்பார்மரையும் பைக்குகளையும் சுற்றிக்கொண்டு நடுரோட்டில்தான் நடக்கிறாள். சித்திரை வெயிலில் வேறு! கார் நிறுத்த இடம் ஒதுக்கும் கல்லூரி நிர்வாகங்கள், வழியெல்லாம் மரம் வைக்கட்டும். வியர்த்து வரும் ஊழியர் முகம் கழுவிச் சட்டை மாற்ற ஓர் அறையும் தரட்டும். நிதிநிலை அறிக்கையில் அந்த 60 சதவீதத்தை மாநகராட்சி தனிக்கணக்காகக் காட்டட்டும்.