ரூம்மேட் கிச்சன்: வஞ்சிரத்தை விடுங்க, நெத்திலியைப் பிடிங்க!

டிசம்பர் கடைசி வாரம். செமஸ்டர் முடிஞ்சு பாதி ஹாஸ்டல் காலி. ட்ரெயின் டிக்கெட் கிடைக்காதவங்க, கம்பெனியில லீவு கிடைக்காதவங்க, நாகாலாந்து, மிசோரம்னு வீடு போய்ச் சேரவே 3 நாள் ஆகும்னு தாம்பரத்துலயே தங்கிட்டவங்கன்னு ஒரு கூட்டம் மட்டும் கேம்ப் ரோட்டுல டீ குடிச்சுக்கிட்டுத் திரியும். இவங்களை எல்லாம் கூப்பிட்டு மொட்டை மாடியில ஒரு கெட்-டுகெதர் வெச்சா என்னன்னு உங்களுக்கும் தோணியிருக்கும். பிரியாணி எப்படியும் கடையில வாங்கிக்கலாம். அது வர்ற வரைக்கும் கொறிக்க, கடல்ல இருந்து அஞ்சாறு அயிட்டம். அதுதான் இந்த வாரம்.

முதல்ல ஒரு தப்பான ஆசையைத் தூக்கிப் போடுங்க. 'மீன்'னு சொன்ன உடனே எல்லாரும் வஞ்சிரம்னுதான் குதிக்கிறோம். வஞ்சிரம் நல்ல மீன்தான், யாரு இல்லேன்னா? ஆனா ஸ்டார்ட்டருக்கு அது செட் ஆகாது பாஸ். ஒரு துண்டு போட்டா தட்டு வேணும், முள்ளு எடுக்க இன்னொரு கை வேணும், உக்கார இடம் வேணும். 10 பேருக்கு வாங்கினா மாசக் கடைசி பர்ஸ் அங்கேயே காலி. நின்னுக்கிட்டே, ஒரு கையில டம்ளரோட, ரெண்டே வாய்ல முடிக்கிறதுதான் ஸ்டார்ட்டர். அதுக்குச் சின்ன மீன்தான் ராஜா.

அடுத்தது தேதி. என்ன செய்யறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி எந்த நாள்னு முடிவு பண்ணுங்க. 25-ம் தேதி கிறிஸ்தவ மீனவர்கள் பெரும்பாலும் கடலுக்குப் போறதில்ல. மறுநாள் 26. 2004-ல சுனாமி வந்த நாள். அன்னிக்குப் பல குப்பங்கள்ல படகைக் கரையில நிறுத்திட்டுக் கடலுக்குப் பாலும் பூவும் விட்டுட்டு வருவாங்க. அப்போ நம்ம ஊர்ல ஒரு கூத்து நடந்துச்சு, வயசுல பெரியவங்களைக் கேட்டா சொல்லுவாங்க: சுனாமிக்கு அப்புறம் பல வாரம் சென்னையில மீன் தின்னவே பயந்தாங்க. படகு, வலை எல்லாம் போனவங்களுக்கு, பிடிச்சுட்டு வந்த கொஞ்சநஞ்சத்தையும் வாங்க ஆள் இல்லாமப் போச்சு. அதனால 26-ம் தேதி மீன் பார்ட்டி வேணாமே. 24 காலையில வாங்குங்க, இல்லேன்னா 28-ல இருந்து 30-க்குள்ள ஒரு வார நாளாப் பாருங்க. 31-ம் தேதி எல்லாரும் வாங்குவாங்க, விலையும் அதுக்கேத்த மாதிரிதான் இருக்கும்.

மழையையும் கணக்குல வெச்சுக்கோங்க. டிசம்பர் நமக்குப் புயல் மாசம். 2023-ல மிக்ஜாம் வந்தப்ப முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் தண்ணி நின்னது ஞாபகம் இருக்கும். கூண்டு ஏத்தினா ஃபைபர் போட்டு கடல்ல இறங்காது. அந்த மாதிரி நாள்ல 'ஃப்ரெஷ் மீன்'னு சொல்லி வித்தா அது எப்போ பிடிச்சதுன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அன்னிக்குக் கை கொடுக்கிறது பண்ணை இறால்தான். வனாமி இறாலை நம்ம நாட்டுல வளர்க்க 2009-ல அனுமதி கொடுத்தாங்க. அது வந்த பிறகு கடல் கொந்தளிச்சாலும் இறால் கிடைக்குது. இன்னொண்ணு கொடுவா. முட்டுக்காட்டுல பரிசோதனை நிலையம் வெச்சிருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம்தான் 1997-ல இந்தியாவுலேயே முதல் தடவையா கொடுவாவைப் பண்ணைச் சூழல்ல குஞ்சு பொரிக்க வெச்சது. முள்ளு கம்மி, சதை வெள்ளை. விரல் சைஸுக்கு வெட்டி, முட்டையில முக்கி, ரஸ்க் தூள்ல புரட்டிப் பொரிச்சா ஹோட்டல் ஃபிஷ் ஃபிங்கர் தோத்துடும்.

எங்க வாங்குறது? தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் கடைகளுக்குப் பெரும்பாலும் காசிமேடு, சிந்தாதிரிப்பேட்டையில இருந்துதான் சரக்கு வரும். காலையில சீக்கிரம் போனா நல்லதே கிடைக்கும். பைக்கும் பெட்ரோலும் இருந்தா வண்டலூர், கேளம்பாக்கம் வழியா கோவளம் போங்க. சுமார் 30 கிலோ மீட்டர். விடிஞ்ச உடனே கரையில நின்னா படகு வர்றதையே பார்க்கலாம். அங்க எடைக்கல்லை விடக் 'கூறு'தான் அதிகம் பேசும். பேரம் பேசலாம், ஆனா கூடைக்கார அக்காகிட்ட 10 ரூபாய்க்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டாதீங்க.

பை மட்டும் எடுத்துட்டுப் போனா போதாது. தெர்மாகோல் பெட்டி, ஐஸ், ரெண்டும் கட்டாயம். இதுல நான் ரொம்ப ஸ்ட்ரிக்ட். சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களை வெயில்ல வெச்சா ஹிஸ்டமின்னு ஒண்ணு உருவாகும். முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு பூரா அரிக்கும். கொடுமை என்னன்னா, எவ்வளவு வறுத்தாலும் கொதிக்க வெச்சாலும் அது போகாது, வாசனையிலயும் தெரியாது. 'நல்லா பொரிச்சுட்டா ஒண்ணும் ஆகாது மச்சி'ன்னு சொல்ற ஃப்ரெண்டை ஃப்ரிட்ஜ் பக்கமே விடாதீங்க. வாங்கின நிமிஷத்துல இருந்து அடுப்புக்குப் போற வரைக்கும் ஐஸ்ல இருக்கணும்.

பார்த்து வாங்கறது எப்படி? கண்ணு துருத்திக்கிட்டுப் பளபளன்னு இருக்கணும். செவுள் சிவப்பு. விரலால அழுத்தினா குழி விழாம எழும்பணும். இதெல்லாம் உங்க அம்மா சொன்னதுதான். நெத்திலிக்கு மட்டும் வேற டெஸ்ட்: வயிறு உடைஞ்சிருந்தா வேணாம். கடம்பா வெள்ளையா, தோல்ல புள்ளி தெளிவா இருக்கணும், ரோஸ் கலர் அடிச்சா பழசு. இறால்ல தலை ஆடக் கூடாது, கறுத்திருக்கவும் கூடாது.

அளவு: 10 பேருக்கு நெத்திலி 1 கிலோ, இறால் 1 கிலோ, கடம்பா முக்கால் கிலோ, சூரை அரை கிலோ, நண்டு அஞ்சாறு. நிறையத் தெரியும், ஆனா தலையோட இருக்கிற இறால் ஆஞ்ச பிறகு கிட்டத்தட்ட பாதிதான் தேறும். பின்னாடி பிரியாணி வருதுன்னா, இதுல ரெண்டு அயிட்டத்தைக் கண்ணை மூடிக்கிட்டு வெட்டுங்க.

இப்போ ஹீரோ. நெத்திலி. தலையைக் கிள்ளி இழுத்தா குடலும் கூடவே வந்துடும். 1 கிலோ ஆய ஒரு ஆளுக்கு நேரம் பிடிக்கும். 4 பேர் உக்காந்து கதை பேசிக்கிட்டே கிள்ளினா சீக்கிரம் முடிஞ்சுடும். கல் உப்பு, மஞ்சள் போட்டு 3 தடவை அலசுங்க. அப்புறம் வடிதட்டுல நல்லா வடிய விடுங்க, பொறுமையா. பாதிப் பேர் சொதப்புறது இங்கதான். ஈரத்தோட மசாலா போட்டா எண்ணெய்ல மசாலா தனியா, மீன் தனியா நீந்தும். 2 டேபிள் ஸ்பூன் மிளகாய்த் தூள், ஒரு ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள், உப்பு, அரை மூடி எலுமிச்சை. 20 நிமிஷம் ஊறினா போதும். நெத்திலி மெல்லிசு, ராத்திரி பூரா ஊறினா கூழாகிடும். 2 டேபிள் ஸ்பூன் அரிசி மாவை எண்ணெய்ல போடறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் பிசறணும். கடாய்ல கொஞ்சம் கொஞ்சமா போடுங்க, போட்ட உடனே கரண்டியைப் போடாதீங்க. ஒரு நிமிஷம் விட்டா தானா இறுகும். 'சொய்ங்' சத்தம் அடங்கினா எடுத்துடலாம். கடைசி கையில கறிவேப்பிலையைப் பொரிச்சு மேல தூவுங்க. முள்ளோட கடிச்சுச் சாப்பிடலாம், தட்டுல மிச்சம்னு ஒண்ணுமே இருக்காது. கழுவுற வேலையும் மிச்சம்.

கடம்பாவுக்கு ஒரே விதி: ரெண்டு நிமிஷம், இல்லேன்னா முக்கால் மணி நேரம். நடுவுல நிறுத்தினா பாட்டா செருப்பு. வளையமா வெட்டி, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, பெரிய தீயில ரெண்டு நிமிஷம் பிரட்டி இறக்குங்க. இறாலும் அதே மாதிரிதான். தொக்குல போட்டு அது ஆங்கில 'சி' மாதிரி வளைஞ்சா வெந்துடுச்சு. 'ஓ'ன்னு சுருண்டா லேட். அந்தத் தொக்கை மினி இட்லி மேல ஒரு ஸ்பூன் வெச்சு, பல் குத்துற குச்சி ஒண்ணு சொருகிக் கொடுத்துப் பாருங்க.

சூரையை என்ன பண்றது? புட்டு. சுறாப்புட்டு கேள்விப்பட்டிருப்பீங்க, பிள்ளை பெத்தவங்களுக்குப் பார்த்துப் பார்த்துச் செஞ்சு போடுறது. சுறாவுல சில இனங்களை வனவிலங்குச் சட்டம் பாதுகாக்குது. துண்டு போட்ட பிறகு எது எதுன்னு நமக்குத் தெரியப் போறதில்ல. அதனால ரெண்டு எழுத்தை மாத்தி சூரைக்கு வந்துடலாம், விலையும் கம்மி. மஞ்சள், உப்பு போட்டு வேக வெச்சு, தோலையும் நடுவுல ஓடுற கறுப்புச் சதையையும் எடுத்துட்டு உதிர்த்துக்கோங்க. மீன் அளவுக்குச் சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய் வதக்கி, உதிர்த்த மீனைப் போட்டு நல்லா உலர்ற வரைக்கும் கிளறணும். பாக்கெட்ல விக்கிற பானிபூரி பூரியை உடைச்சு, இந்தப் புட்டை அடைச்சு, மேல கொத்தமல்லி, எலுமிச்சை. ஆனா ஆள் வந்த பிறகுதான் அடைக்கணும், முன்னாடியே அடைச்சு வெச்சா நமுத்துடும்.

மழை பெஞ்சு எதுவுமே கிடைக்கலையா? இலங்கைத் தமிழர்கள்கிட்ட இதுக்கு ஒரு வழி இருக்கு. யாழ்ப்பாணமோ டொராண்டோவோ, அவங்க வீட்டு விசேஷத்துல 'சோட் ஈற்ஸ்' இல்லாம இருக்காது. அதுல மீன் கட்லட்டுக்கு டின் மீன்தான் பல வீட்டுல. டின் மீனை வடிச்சு, அவிச்ச உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகு சேர்த்து உருண்டை பிடிச்சு, முட்டை, ரஸ்க் தூள், எண்ணெய். முந்தின நாளே உருட்டி ஃப்ரிட்ஜ்ல வெச்சுடலாம்ங்கிறது பெரிய ப்ளஸ்.

நண்டை வறுக்காதீங்க. நின்னுக்கிட்டு நண்டு உடைச்சுத் தின்ன முயற்சி பண்ணவங்க சட்டையைப் பார்த்திருக்கீங்களா? தட்டிப் போட்டு மிளகு ரசமா வெச்சு, டீ கிளாஸ்ல ஊத்திக் கொடுங்க. மார்கழிக் குளிருக்கு, அதாவது நம்ம ஊர்ல குளிர்னு சொல்லிக்கிறதுக்கு, இதைவிட இதமா ஒண்ணு இல்ல.

கூப்பிடறப்பவே ஒரு கேள்வி கேட்டுடுங்க: 'இறால், நண்டு உனக்கு ஒத்துக்குமா?' லேசா உதடு வீங்கும்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாலும் சீரியஸா எடுத்துக்கோங்க. ஒரு தடவை லேசா வந்தது அடுத்த தடவை மூச்சுத் திணறல்ல போய் நிக்கலாம். இறாலை விட்டுட்டு மத்ததைத் தின்னான்னாலும், இறால் பொரிச்ச எண்ணெய்லயே நெத்திலியைப் போட்டா எல்லாம் ஒண்ணுதான். அதனால நெத்திலி முதல்ல, இறால் கடைசில. தட்டும் கரண்டியும் தனி.

மாலை போட்ட ஃப்ரெண்ட்ஸும் இந்த மாசம் இருப்பாங்க. அவங்களை விட்டுடாதீங்க, 'நீ எதுக்குடா வர்றே'ன்னு கலாய்க்கவும் வேணாம். மீன் வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே தனிக் கடாயில உருளைக்கிழங்கு போண்டா போட்டு மூடி வெச்சுடுங்க. அவங்களுக்கு இந்த வாசனையே சங்கடம்னா, இன்னொரு நாள் டீக்குக் கூப்பிடுங்க.

ஹவுஸ் ஓனர் விஷயம். நம்ம ஏரியாவுல 'வெஜிடேரியன் ஒன்லி'ன்னு போர்டு தொங்குற வீடுகள் நிறைய. ஜன்னலை மூடிட்டு ஊதுபத்தி கொளுத்தினா தெரியாதுன்னு நினைக்காதீங்க. கருவாடு, நெத்திலி வாசனை மூணு மாடி தாண்டும். அட்வான்ஸ் அவர்கிட்ட மாட்டிக்கிட்டு இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோங்க. அந்த போர்டு சரியா தப்பான்னு எனக்கும் அபிப்பிராயம் உண்டு. ஆனா அந்தச் சண்டையைப் பார்ட்டி அன்னிக்கு 10 பேரை வெச்சுக்கிட்டுப் போட வேணாம். மீன் சமைக்கிற வீட்டுல இருக்கிற ஃப்ரெண்ட் யாருன்னு பாருங்க. மிசோ, நாகா பசங்க ரூமா இருந்தா டபுள் ஓகே. புகை போட்ட மீன், புளிக்க வெச்ச மீன்னு வளர்ந்தவங்க, நம்ம கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்த மாட்டாங்க. அவங்க ஊர் மிளகாய்ச் சட்னி ஒண்ணு அரைக்கச் சொல்லுங்க, நெத்திலிக்குத் தொட்டுக்க. முதல்ல ஒரே ஒரு சொட்டு மட்டும் தொடுங்க.

கடைசியா குப்பை. இறால் தலை, நண்டு ஓடு, நெத்திலி குடல் எல்லாத்தையும் கவர்ல இறுக்கிக் கட்டி, குப்பை வண்டி வர்ற வரைக்கும் ஃப்ரீசர்லயே வைங்க. மாடியில வெச்சா தெருப் பூனை அத்தனையும் உங்க கெஸ்ட் லிஸ்ட்ல சேர்ந்துடும்.